1941 காடிலாக்கா, 1964 லிங்கன் கான்டினென்டலா? எதை எடுப்பது?

வாரக்கடைசி டிரைவர்:

வணக்கம். மிச்சிகனில் ஆன் ஆர்பர் பக்கம் இருக்கிறேன். பழைய அமெரிக்கச் சொகுசு வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வீட்டில் இப்போதுதான் சம்மதம் கிடைத்திருக்கிறது. மனசு மாறுவதற்குள் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

தேடித் தேடி இரண்டு வண்டியில் வந்து நிற்கிறது. ஒன்று 1941 காடிலாக் சீரீஸ் 62, நாலு கதவு செடான், கறுப்பு, ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர் உள்ளது. இன்னொன்று 1964 லிங்கன் கான்டினென்டல், அதுவும் செடான்தான், கூரை திறக்கும் வண்டி இல்லை. இரண்டுக்கும் கேட்கும் விலை 30,000 டாலருக்குச் சற்றுக் கீழே. புதிதாக விற்றபோது காடிலாக் 1,495 டாலர், லிங்கன் 6,292 டாலர். இன்று இரண்டும் ஒரே விலையில் நிற்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை, வீல்பேஸும், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரமும், இரண்டுக்கும் 126 அங்குலமேதான். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 23 வருட இடைவெளி என்று நம்ப முடியாது. காடிலாக்கில் தொப்பி போட்டுக்கொண்டே உட்காரலாம். லிங்கன் என் நெஞ்சு உயரம்கூட வராது, கோடு கிழித்தாற்போல் நேராக இருக்கிறது.

என் தேவை பெரிதில்லை. வாரக்கடைசியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு 40, 50 மைல் ஓட்ட வேண்டும். கோடையில் ஒருமுறை ட்ராவர்ஸ் சிட்டி வரை போய்வர வேண்டும். பனிக்காலத்தில் கராஜை விட்டு எடுக்கப் போவதில்லை. ஆயில் மாற்றுவேன், பிரேக் பேட் மாற்றுவேன், அதற்கு மேல் கை வைத்துப் பழக்கமில்லை.

காடிலாக் இன்றைய ஹைவேயில் தாக்குப்பிடிக்குமா? லிங்கன் என்றாலே எலக்ட்ரிக் வேலை ஓயாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், அதில் எவ்வளவு உண்மை? அப்புறம் லிங்கனின் பின்கதவு, அதன் கீல் பின்பக்கம் இருக்கிறதே, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது சரிப்படுமா?

குரோம் பிரியன்:

இதில் கேள்வியே இல்லை நண்பரே, காடிலாக்.

1941 சும்மா ஒரு வருடம் இல்லை. அதுவரை கூடவே விற்ற லசால் பிராண்டை 1940 மாடலோடு நிறுத்திவிட்டு, காடிலாக் பெயரிலேயே எல்லாவற்றையும் விற்க இறங்கிய முதல் வருடம். 66,130 வண்டி போனது, அதற்கு முன் அவர்கள் பார்த்திராத எண்ணிக்கை. இன்றைக்கும் காடிலாக் என்றால் கண்ணுக்குள் வரும் அந்தக் கட்டம்கட்டமான அகல கிரில் அந்த வருடம்தான் வந்தது. பெட்ரோல் மூடியைத் தேடினால் கிடைக்காது. இடது பின்விளக்கைத் தூக்கினால் உள்ளே இருக்கும். பங்க்கில் நிற்கும்போது பக்கத்து ஆள் நிச்சயம் வந்து கேட்பார், பாருங்கள்.

இன்னொன்று, கிளாசிக் கார் கிளப் ஆஃப் அமெரிக்காவின் ‘ஃபுல் கிளாசிக்’ பட்டியலில் 1940 முதல் 1947 வரையான சீரீஸ் 62 உண்டு. அந்தப் பட்டியல் 1948 மாடலோடு முடிகிறது. லிங்கன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் நுழைய முடியாது. நாளைக்கு விற்கப்போனால் இது பேசும்.

இஞ்சினைப் பற்றியும் பயம் வேண்டாம். அந்த 346 கன அங்குல வி8 இரண்டையும் ஹைட்ரா-மேட்டிக் கியரையும் வைத்துத்தான் இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கி ஓடியது. டாங்கியை இழுத்த இஞ்சின் ட்ராவர்ஸ் சிட்டி போகாதா?

பழைய ஸ்பானர்:

டாங்கியோடு இரண்டு இஞ்சினும், பின்னால் பழுது பார்க்க ஒரு படையும் போகும். தம்பியோடு மனைவியும் இரண்டு பிள்ளைகளும்தான் போகிறார்கள்.

குரோம் பிரியன் சொன்ன எதுவும் தப்பில்லை. 1941 காடிலாக் அழகி, மறுப்பவன் கண் டாக்டரிடம் போகட்டும். ஆனால் தம்பி கேட்டது அழகுப் போட்டி இல்லை. நான் ஒஹையோவில் பட்டறை வைத்து ஓய்ந்தவன். இந்த இரண்டு ரகமும் என் லிப்ட்டில் ஏறி இறங்கியிருக்கின்றன. அந்தக் கோணத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த இரண்டு கம்பெனியையும் தொடங்கி வைத்தது ஒரே ஆள், ஹென்றி லேலண்ட். 1902-இல் காடிலாக். அது ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனபிறகு, 1917-இல் லிங்கன். அதை 1922-இல் 80 லட்சம் டாலருக்கு ஃபோர்டு வாங்கியது. பங்காளிச் சண்டை மாதிரி இரண்டு ரசிகர் கூட்டமும் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

சரி, வண்டிக்கு வருவோம். 1941-இல் சொகுசு என்றால் என்ன? கிளட்ச் பெடல் இல்லை என்பதுதான். அதற்காக 110 டாலர் கூடுதலாக வாங்கினார்கள், கொடுத்தார்கள். நாலு கியர், தானாக மாறும். இன்றைய ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பழகியவருக்கு இது வேறு மாதிரி இருக்கும். இஞ்சினின் இழுவையைப் பெருக்கிக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, எண்ணெய் வழியாக அதை அப்படியே கடத்தும் ஃப்ளூயிட் கப்ளிங் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு கியர் விழுவதும் முதுகுக்குத் தெரியும், முக்கியமாக இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது. ‘பார்க்’ என்ற இடமே லீவரில் இல்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு ரிவர்ஸில் போட்டால் பூட்டிக்கொள்ளும். வேலட் பார்க்கிங் பையனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

1964-இல் சொகுசின் அர்த்தம் மாறிவிட்டது. எதையும் கையால் செய்யக்கூடாது. கண்ணாடிக்கு மோட்டார், சீட்டுக்கு மோட்டார், கதவுப் பூட்டுக்கு வாக்குவம், அதாவது இஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் தம்பி கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது. காடிலாக்கில் கெட்டுப்போவதைக் கண்ணால் பார்க்கலாம், கை விட்டுத் தொடலாம். லிங்கனில் அது கதவு அட்டைக்குப் பின்னால், சீட்டுக்கு அடியில், டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும்.

வைப்பரை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வண்டியும் யார் என்று அதுவே சொல்லும். காடிலாக் வைப்பர் வாக்குவத்தில் ஓடுவது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சினில் வாக்குவம் குறையும், வைப்பர் சோம்பும். மழையில் மேடு ஏறும்போது, சரியாக எப்போது கண்ணாடி தெரிய வேண்டுமோ அப்போது அது பாதி வழியில் நின்று யோசிக்கும். காலை லேசாக எடுத்தால் படபடவென்று அடிக்கும். ஓட்டுகிறவர் இதற்குப் பழகிக்கொள்வார். லிங்கன் வைப்பரோ ஹைட்ராலிக். பவர் ஸ்டீயரிங் பம்ப்பிலிருந்தே எண்ணெய் அழுத்தம் எடுத்து ஓடுகிறது. சத்தமே வராது, வேகத்தை எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தலாம். அவ்வளவு பெரிய கண்ணாடியை வழுக்கிக்கொண்டு துடைக்கும். ஆனால் அந்த வைப்பர் மோட்டாரின் சீல் போனால் ஸ்டீயரிங் எண்ணெயும் சேர்ந்து ஒழுகும். ஒரு வைப்பர் ரிப்பேர் ஸ்டீயரிங்கையும் கனமாக்கிவிடும். 1964-இல் இதை யோசித்தவன் கெட்டிக்காரன். அறுபது வருடம் கழித்து அதன் ரப்பரை மாற்றுகிறவன் அவனைத் திட்டுவான்.

ஹைவே. காடிலாக் 150 குதிரை சக்தி, எடை நாலாயிரம் பவுண்டைச் சுற்றி. 60 மைலில் அலுங்காமல் போகும். பின் ஆக்சில் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற இஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது, 3.36 என்றால் நிம்மதி, 3.77 என்றால் 65-க்கு மேல் இஞ்சின் பாவம் என்று தோன்றும். விற்பவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால், பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய தலைவலி வேகம் இல்லை, சூடு. வால்வெல்லாம் பிளாக்குக்குள்ளேயே இருக்கும் பிளாட்ஹெட் இஞ்சின், குறுகலான பானெட். ஜூலை வெயிலில் டிராஃபிக்கில் மாட்டினால் இன்றைய எத்தனால் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகிவிடும். வண்டி நிற்கும், திரும்ப ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து 6 வோல்ட் பேட்டரி முனகும். பாதிப்பேர் இதற்கு பேட்டரியைக் குறை சொல்வார்கள். உண்மையில் யாரோ முன்பு 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கேபிளைப் போட்டிருப்பான். 6 வோல்ட்டில் கரண்ட் இரட்டிப்பாக ஓடும், கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் வேண்டும்.

லிங்கனில் 430 கன அங்குலம், 320 குதிரை. 70 மைலில் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் நடப்பதாகவே தெரியாது. அந்த இஞ்சினை வண்டியில் ஏற்றும் முன் மூன்று மணி நேரம் நிமிடத்துக்கு 3,500 சுற்றில் ஓட்டிப் பார்த்தார்கள், முடித்த வண்டி ஒவ்வொன்றையும் 12 மைல் ரோட்டில் ஓட்டிவிட்டுத்தான் விக்ஸம் தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள். 1961-இலேயே 24 மாதம் அல்லது 24,000 மைல் வாரண்டி கொடுத்தார்கள், அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாதது. ஓடுவது பிரச்சினையில்லை. நிற்பதுதான். ஐயாயிரம் பவுண்டைத் தாண்டும் வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். முதல் தடவை நன்றாகப் பிடிக்கும். அடுத்தடுத்து மிதித்தால் சூடேறிப் பிடி தளரும். 1965-இல்தான் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது. ஒரு வருடம் தள்ளி 1965 மாடல் கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுப்பேன்.

பிரேக்கில் இன்னொன்றும் உண்டு, இதை யாரும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள். இரண்டு வண்டியிலும் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம், ஒற்றைச் சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. எதை வாங்கினாலும் முதல் செலவு ரப்பர் ஹோஸ் அத்தனையும் மாற்றுவது. பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்.

துரு கடைசி விஷயம், ஆனால் முடிவு செய்யப்போவது இதுதான். காடிலாக்குக்குத் தனியாக சேசிஸ் உண்டு, மேலே பாடி உட்கார்ந்திருக்கும். பாடியில் துரு என்றால் செலவு, அவ்வளவுதான். லிங்கனுக்கு சேசிஸே கிடையாது. தகடு வேலைதான் எலும்பு. மிச்சிகனில் உப்புக் கொட்டும் ரோட்டில் ஓடிய லிங்கன் என்றால், மேலே பெயிண்ட் மின்னும்போது கீழே எலும்பு கரைந்திருக்கும்.

ஆக தம்பிக்கு என் யோசனை: வண்டியின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் கெட்டியாக இருந்தால் லிங்கன். இல்லையென்றால் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம்.

குரோம் பிரியன்:

அண்ணே, அழகி என்று ஒப்புக்கொண்டதே போதும், நான் ஜெயித்த மாதிரிதான்.

ஆனால் ஒன்று சொல்லுங்கள், வாக்குவம் வைப்பரோடு ஓட்டுவதில்தானே சுவாரசியமே இருக்கிறது? லிங்கனை ஓட்டுவதும் நேற்று வாங்கின வண்டியை ஓட்டுவதும் ஒன்று என்றால் எதற்குப் பழைய வண்டி?

வாரக்கடைசி டிரைவர்:

ஸ்பானர் அண்ணே, ரொம்ப நன்றி. ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் என்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

காடிலாக்கை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டால் அந்த ஸ்டார்ட்டிங் தொல்லை போய்விடாதா? விற்பவரே செய்து தருகிறேன் என்கிறார்.

கதவு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 8.

டொலீடோக்காரி:

கதவு பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் இருப்பது இதே 1964 செடான். என் பிள்ளைகள் அதன் பின்சீட்டிலேதான் வளர்ந்தார்கள்.

அந்தக் கதவு அலங்காரத்துக்காக வந்ததில்லை என்று சொல்வார்கள். 1961-இல் வந்த மாடல் முதலில் ஃபோர்டின் இன்னொரு காரான தண்டர்பேர்டுக்காக எல்வுட் எங்கெல் வரைந்தது. ஃபோர்டு நிர்வாகத்தில் இருந்த ராபர்ட் மெக்நமாரா அதைப் பார்த்துவிட்டு, நாலு கதவு வைத்து லிங்கனாக்க முடியுமா என்று கேட்டார். லிங்கன் அப்போது நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த பிராண்ட். முந்தைய மாடலைவிட ஓரடிக்கு மேல் நீளத்தைக் குறைத்துவிட்டார்கள். பின்சீட்டிலிருந்து இறங்கும்போது வழக்கமான கதவில் கால் இடித்தது, அதனால் கீலைப் பின்னால் கொண்டுபோனார்கள். அப்படியும் 1961 முதல் 1963 வரையான வண்டியில் பின்னால் முட்டி இடிக்கும். 1964-இல் வீல்பேஸை 123-லிருந்து 126 அங்குலமாக்கியது அதற்காகத்தான். பெரியவளுக்கு 11 என்றால் இந்த மூன்று அங்குலத்தின் அருமை இரண்டு வருடத்தில் தெரியும்.

ஏறி இறங்க அதைப்போல வசதி கிடையாது. வயதானவர்கள் உட்கார்ந்துவிட்டுக் காலைத் திருப்பிக்கொண்டால் போதும். ஆனால் உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. சாதாரணக் கதவு ஓடும்போது சரியாக மூடியிருக்கவில்லை என்றால் காற்றே அதை அமுக்கிப் பிடிக்கும். இந்தக் கதவு கொஞ்சம் திறந்தால் காற்று பிடுங்கிக்கொண்டு போகும். இன்றைய வண்டிபோல் பிள்ளைப் பூட்டு கிடையாது. டாஷ்போர்டில் கதவு திறந்திருந்தால் எரியும் விளக்கு உண்டு. அது வேலை செய்கிறதா என்று வாங்கும் முன் நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பூட்டும் வாக்குவத்தில் ஓடுவது, குழாயில் எங்கேயாவது ஓட்டை இருந்தால் ஸ்விட்சை அமுக்கியும் பின்கதவு பூட்டாது. எங்கள் வண்டியில் அப்படித்தான் இருந்தது. ஒரு பட்டறையில் புது பம்ப் வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். கடைசியில் கீல் பக்கத்தில் வெடித்திருந்த சாண் நீள ரப்பர் குழாய்தான் காரணம்.

பெல்ட் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். லிங்கனின் பின்சீட்டில் நல்ல லேப் பெல்ட் மாட்டிக்கொண்டோம், நேரடி வேலைதான். 1941 காடிலாக் பெல்ட் என்ற யோசனையே இல்லாத காலத்து வண்டி. அதில் மாட்ட வேண்டுமென்றால் தரைத் தகட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, தெரிந்த ஆளை வைத்துச் செய்ய வேண்டும். எனக்கு இந்த ஒரு விஷயத்திலேயே முடிவாகிவிட்டது.

இன்னும் மனசு அலைந்தால் ஹிக்கரி கார்னர்ஸில் கில்மோர் கார் மியூசியம் போய்வாருங்கள், உங்களுக்கு நூறு மைல் அளவுதான். காடிலாக்-லசால் கிளப்பின் மியூசியமும் லிங்கன் மியூசியமும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், அவர்கள் எதன் முன்னால் நிற்கிறார்கள் என்று பாருங்கள். குரோம் பிரியன் சொல்வதிலும் ஞாயம் உண்டு. காடிலாக் முன்னால் நின்றால் அப்புறம் எங்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பழைய ஸ்பானர்:

அம்மா சொன்ன ரப்பர் குழாய் நூற்றுக்கு நூறு உண்மை. லிங்கனுக்கு எலக்ட்ரிக் வேலை என்று ஊரெல்லாம் பேசுவதில் பாதி வாக்குவமும் எர்த்தும்தான். பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் கூரை திறக்கும் மாடலை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அதில் டிக்கி மூடி பின்பக்கமாகத் திறந்து, கூரை மடங்கி உள்ளே போய், மூடி திரும்ப மூடும். மோட்டார், ஹைட்ராலிக், ரிலே, லிமிட் ஸ்விட்ச் என்று ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். ஒரு ஸ்விட்ச் போனால் கூரை பாதியில் வானத்தைப் பார்த்து நிற்கும். செடானில் அந்தக் கூத்து எதுவும் இல்லை.

12 வோல்ட் வேண்டாம் தம்பி. விளக்கு, ஹீட்டர் மோட்டார், மீட்டர் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால்தான் அது முழு வேலை. பேட்டரியையும் ஜெனரேட்டரையும் மாற்றிவிட்டு மிச்சத்தை ரெசிஸ்டரில் தொங்கவிட்டுக் கொடுப்பார். தடித்த கேபிள், சுத்தமான எர்த், நல்ல 6 வோல்ட் பேட்டரி. 1941-இல் டெட்ராய்ட் பனியில் அப்படித்தான் ஸ்டார்ட் ஆனது.

குரோம் பிரியனுக்கு: சுவாரசியம் ஓட்டுகிறவனுக்கு. பின்சீட்டில் மழையில் உட்கார்ந்திருக்கும் வீட்டம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

லிங்கனைப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது. முன்கூட்டியே போன் செய்து, இஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து, வைப்பரைப் போட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கை முழுசாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். ஸ்டீயரிங் கனத்தாலோ வைப்பர் திணறினாலோ பம்ப், சீல் வேலை இருக்கிறது. கண்ணாடிகள் நாலையும் ஓட்டுநர் பக்கத்து ஸ்விட்சில் ஒருமுறை, அந்தந்தக் கதவின் ஸ்விட்சில் ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கதவுக்குக் கீழே ஓரம் முழுக்க வைத்து வாருங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். டிக்கியில் விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள், ஸ்டெப்னியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கடைசியில் லிப்ட்டில் தூக்கி, முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டியும் தரையும் சேரும் மூலையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்று கேட்டால் பேரம் பேசலாம். ‘சொத்’ என்று கேட்டாலோ, புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தாலோ, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

வாரக்கடைசி டிரைவர்:

சனிக்கிழமை லிங்கனைப் பார்க்கப் போகிறேன். லிப்ட்டில் தூக்கிப் பார்க்க விற்பவர் சரி என்று சொல்லிவிட்டார், பக்கத்தில் நண்பரின் பட்டறை இருக்கிறதாம். காந்தம் வாங்கியாயிற்று. மனைவியும் வருகிறார், பின்கதவை அவரே திறந்து மூடிப் பார்க்கப் போகிறாராம்.

குரோம் பிரியன்:

போகிற வழியில் அந்தக் காடிலாக் விற்பவரின் நம்பரை எனக்கு அனுப்பிவிடுங்கள்.